டீன் ஏஜில் வரும் சைக்கோசிஸ்: எமில் கிரெபெலின் கண்டுபிடித்தது என்ன, தவறியது எங்கே?

ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பையனை நினைச்சுப் பாருங்க. வீடு திருவண்ணாமலை பக்கத்துல வேங்கிக்கால். சில மாசமா ஃப்ரெண்ட்ஸ்கூட பேசறதில்லை. மார்க் சரியுது. ராத்திரி தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்க தன்னைப் பத்தியே பேசறாங்கன்னு சொல்றான். ஆளே இல்லாத ரூம்ல குரல் கேட்குதுங்கறான்.

வீட்டில் முதலில் எக்ஸாம் டென்ஷன் என்பார்கள். அப்புறம் செல்போன் மேல பழி. அதுக்கப்புறம் காத்துக்கருப்பு, மந்திரிப்பு. டாக்டர் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி இளம் வயதில் தொடங்கும் மாற்றங்களை ஒரு நோயாகத் தொகுத்து மருத்துவ உலகை ஏற்க வைத்தவர் நிஜமானவர். ஜெர்மனியின் எமில் கிரெபெலின். 1926 அக்டோபர் 7-ல் இறந்த இவரை நவீன மனநல மருத்துவத்தின் முன்னோடி என்கிறார்கள்.

யார் இந்த கிரெபெலின்?

1856-ல் வடக்கு ஜெர்மனியின் நாய்ஸ்ட்ரெலிட்ஸ் ஊரில் பிறந்தார். சிக்மண்ட் ஃபிராய்டு பிறந்ததும் அதே ஆண்டுதான். மருத்துவம் படித்துவிட்டு, லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் நடத்திய வில்ஹெல்ம் வுண்டிடம் பயிற்சி பெற்றார். 1883-ல், 27 வயதில், மனநல மருத்துவப் பாடநூல் ஒன்றை எழுதினார். அதைத் திருத்தித் திருத்தி வெளியிடுவதே அவரது வாழ்நாள் வேலையாகிவிட்டது.

30 வயதில் டார்பாட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரம் அது. அங்கே ஒரு சிக்கல். நோயாளிகள் பலர் எஸ்டோனிய மொழி பேசுபவர்கள். அவருக்கு அது தெரியாது. அவர்களோடு நேரடியாகப் பேச முடியாமல், மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே சிகிச்சை பார்த்தார்.

அட்டையில் எழுதிய வாழ்க்கைகள்

1891-ல் ஹைடல்பெர்க் வந்த பிறகு, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். எந்த வயதில் தொடங்கியது, எப்படி மாறியது, டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன ஆனது என்று எழுதி வைத்தார். இன்றைக்கு கேட்க சாதாரணமாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அறிகுறியை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பதே வழக்கம். நோய் காலப்போக்கில் எங்கே போகிறது என்று பார்த்ததுதான் கிரெபெலின் செய்த புதுமை.

அட்டைகளில் அவர் இரண்டு பாதைகளைப் பார்த்தார். ஒன்று, வந்து வந்து விலகும் மனநிலைக் கோளாறு. இன்றைய பைபோலார் அதில்தான் அடங்கும். இன்னொன்று, டீன் ஏஜிலோ இருபதுகளிலோ தொடங்கி, சிந்தனையையும் உணர்ச்சியையும் மெல்லச் சிதைப்பது. அதற்கு அவர் வைத்த பெயர் டிமென்ஷியா பிரீகாக்ஸ். அதாவது, முன்கூட்டியே வரும் மூளைத் தேய்வு. 1899-ல் வந்த ஆறாம் பதிப்பில் இந்தப் பிரிவினை முழு வடிவம் பெற்றது.

எங்கே தவறினார்?

அந்தப் பெயரே ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. சிறு வயதில் வந்தால் முடிவு மோசம்தான் என்ற எண்ணம் பரவியது. சிலர் குணமானதை அவரே பதிவு செய்திருந்தார். ஆனால் பெயரில் ஒட்டியிருந்த அவநம்பிக்கைதான் நிலைத்தது. 1908-ல் சுவிட்சர்லாந்தின் யூஜென் பிளாய்லர், எல்லோருக்கும் இளமையில் வருவதில்லை, எல்லோரும் தேய்வதும் இல்லை என்று வாதிட்டு, ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரைக் கொண்டுவந்தார். தமிழில் மனச்சிதைவு நோய்.

இன்னொரு கறையையும் மறைக்கக் கூடாது. மனநோய் பரம்பரைச் சீரழிவின் விளைவு என்று கிரெபெலின் நம்பினார். 1917-ல் மியூனிக்கில் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர் எர்ன்ஸ்ட் ரூடின். 1933-ல் மனநோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய நாஜிக்கள் கொண்டுவந்த சட்டத்தில் ரூடினுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே கிரெபெலின் இறந்துவிட்டார். ஆனாலும் அந்தச் சிந்தனைக்கு இடம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

சென்னை சொன்ன பதில்

கிரெபெலின் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. முதல் ஆன்டிசைக்கோடிக் மருந்தான குளோர்புரோமசின் 1952-ல்தான் புழக்கத்துக்கு வந்தது.

மருந்து வந்த பிறகு பாதை மாறியதா? இதற்கான முக்கியமான பதில்களில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. 1981-ல், முதல்முறை மனச்சிதைவு வந்த 90 பேரைக் கொண்டு ஒரு தொடர் ஆய்வு தொடங்கியது. டாக்டர் ஆர்.தாரா உள்ளிட்டோர் 20 ஆண்டுகள் கடந்தும் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். கிரெபெலின் அட்டை போட்ட அதே வேலைதான். ஆனால் கிடைத்த படம் வேறு. பெரும்பாலானோருக்கு நோய் வந்து வந்து அடங்கியது. விடாமல் நோயிலேயே இருந்தவர்கள் மிகச் சிலர்தான். பலர் வேலைக்குப் போனார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

அப்போ குழந்தைகளுக்கு?

18 வயதுக்குள் வந்தால் இளவயதுத் தொடக்கம் என்கிறார்கள். 13-க்குள் வருவது ரொம்ப அரிது. பெரியவர்களுக்கு வருவதைவிட இது சிரமம் தரக்கூடியது என்பது உண்மை. படிப்பும் நட்பும் உருவாகும் வயதிலேயே தாக்குகிறதே.

அதே சமயம், குரல் கேட்குது என்று சொல்லும் எல்லாக் குழந்தைக்கும் இந்த நோய் இல்லை. ஜுரம், வலிப்பு, மூளைத் தொற்று, போதைப்பொருள், கடும் மன அதிர்ச்சி என வேறு காரணங்கள் இருக்கலாம். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 1990-ல் தொடங்கிய ஆய்வில், குழந்தைப்பருவ மனச்சிதைவு என்று அனுப்பப்பட்ட பலருக்கு உண்மையில் வேறு பிரச்சினை இருந்தது தெரியவந்தது. அதனால்தான் வீட்டிலேயே முத்திரை குத்தாமல், டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள்.

தாமதம்தான் பெரிய எதிரி. முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவில் போகும் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் காலத்தைக் குறைப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் குடும்பத்தினரையும் நோயாளியோடு தங்க வைத்துச் சிகிச்சை தருவது பல பத்தாண்டு வழக்கம். பிள்ளையிடம் வந்த மாற்றத்தை முதலில் கவனிப்பது அம்மாவும் அப்பாவும்தானே.

வேங்கிக்கால்காரர்கள் சென்னை வரை ஓட வேண்டியதில்லை. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். யாரிடம் கேட்பது என்று தயக்கமா? டெலி மானஸ் இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கோயிலுக்குப் போங்க, கிரிவலமும் சுத்துங்க. ஆனா டாக்டரைப் பார்க்கறதை அடுத்த பௌர்ணமி வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.