நந்தன் சரித்திரம் பாடிய பாரதியார்

கலையானது உலகத்தைத் திருத்த வல்லதோ என ஆராய்வார்க்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாறு தக்கதோர் சான்றாம்.

பாரதியார் 19-ஆம் நூற்றாண்டினர். நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்தில் அந்தணர் குலத்திற் பிறந்தவர். மாயூரத்திலே கோவிந்த யதி என்பாரை அடைந்து வேதாந்தம் பயின்று, இல்லறம் புகாது, ஆனந்ததாண்டவபுரத்திற் றங்கித் தில்லைக் கூத்தனைப் பாடுதலே தொழிலாக வாழ்ந்தனர்.

சேக்கிழார் சுவாமிகள் திருநாளைப்போவாரைப் பாடியவிடத்து, அவரை அடிமைகொண்ட ஆண்டை ஒருவரைக் கூறிற்றிலர். பாரதியாரோ தஞ்சை வயல்களிலே பண்ணையாட்கள் படும் துயரைக் கண்ணாரக் கண்டவர். ஆதலின் வேதியர் ஒருவரை ஆண்டையாகப் படைத்து, நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலை முடிந்தாலன்றித் தில்லைக்கு விடை தாரேன் என மறுப்பவராகக் காட்டினர். திருவருளால் அவ்வேலை ஓரிரவில் முடிந்தது கண்ட வேதியர் நந்தனாரை வணங்குகின்றனர். தம் குலத்தவரையே குற்றவாளியாக்கி, பண்ணையாளின் அடியிற் பணிவித்தது அக்காலத்திற் பெருந் துணிவேயாம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் உடன்பட்டிலர். பாரதியார் பாடக் கேட்ட பின் மனமுருகி அளித்தனர். 1860-களின் தொடக்கத்திலே காரைக்காலில், சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியால் நூல் அச்சேறியது. கதாகாலட்சேபத்தின் வழியாகத் தமிழ்நாடெங்கும் ஈழத்தும் பரவிற்று.

எனினும் கேட்டு அழுதோர் பலர். கதவு திறந்தோர் சிலர். மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939-இல். சென்னை மாகாணத்திற் கோயில் நுழைவுச் சட்டம் பிறந்தது 1947-இல். யாழ்ப்பாணத்திலே 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாடசாலைப் பிள்ளைகட்குச் சம ஆசனம் அளிப்பதற்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. சமூகப் பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டம் இலங்கையில் 1957-இலேயே வந்தது. நந்தனார்க்காக உருகிய ஊரிலேயே நந்தனாரின் வழித்தோன்றல்கள் தரையில் அமர்த்தப்பட்டனர் என்பது நாம் மறக்கத் தகாத உண்மை.

ஆகவே பாட்டு நெஞ்சை இளக்கும். இளகிய நெஞ்சைச் செயலிற் செலுத்துதல் மக்கள் கடன். இளகாத நெஞ்சிற் சட்டமும் வேரூன்றாது. ஹெந்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களிற் பிள்ளைகட்கு நந்தனார் சரிதம் கற்பிக்கும் ஆசிரியன்மார், பாட்டைப் பயிற்றுவதோடு அமையாது, தம் வகுப்பில் எவரும் பின்னே ஒதுக்கப்படாமையையும் நோக்குவாராக. பாரதியார் தொடங்கிய பணி அங்கே நிறைவுறும்.