வேட்டைக்கு நடுவே ஒரு கச்சேரி... கொல்லிமலை ஓரியிடம் கத்துக்க வேண்டிய விஷயம்!

காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுத்தி, காது அடைச்சு, ஒருவழியாக மேலே ஏறி வந்தால் குளுகுளு காத்து. கொல்லிமலையில் இருக்கும் 14 நாடுகளில் ஒன்று வாழவந்தி நாடு. அங்கே செம்மேட்டில் குதிரை மேல் கம்பீரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பைக்கில் வரும் பசங்க எல்லோரும் அந்தச் சிலை முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு, நேரா அருவிக்குப் போயிடுவாங்க.

அவர்தான் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் அஞ்சு மிருகங்களை வீழ்த்தினவர்னு ஸ்கூலில் படிச்சிருப்போம். ஆனால், அந்த அம்புக் கதையோட செகண்ட் ஹாஃப் நிறைய பேருக்குத் தெரியாது. வேலை, டெட்லைன், டென்ஷன்னு ஓடிட்டே இருக்கும் நமக்கு அந்த செகண்ட் ஹாஃப்தான் ரொம்ப முக்கியம்.

செம பிஸியான ஒரு தலைவர்

சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்னாடி, கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னர் ஓரி. ஆதன் ஓரி என்றும் சொல்வார்கள். அவருடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். பலாவும் தேனும் கொட்டிக்கிடக்கும் மலை அது. அப்படி ஓர் இடத்தை வைத்திருந்தால் சும்மா விடுவார்களா? சுற்றிலும் பெரிய பெரிய ராஜாக்களின் கண் அந்த மலை மேல்தான். முள்ளூர் மலையை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியோடு போர் வேறு. ஆக, ஓரிக்கு ஓய்வான வாழ்க்கை வாய்க்கவில்லை. எந்த நேரம் எந்தப் பக்கம் இருந்து படை வரும் என்று தெரியாத வாழ்க்கை.

காட்டுக்குள் நடந்த கச்சேரி

புலவர் வன்பரணர் புறநானூற்றின் 152-வது பாடலில் ஒரு காட்சியைச் சொல்கிறார். பசியோடு காட்டு வழியில் நடந்து வருகிறது ஒரு பாணர் கூட்டம். அவர்கள் கண் எதிரே ஒரு வேட்டைக்காரர். விட்ட அம்பு ஒன்றுதான். அது யானையைச் சாய்க்கிறது, புலியைக் கொல்கிறது, புள்ளிமானை உருட்டுகிறது, காட்டுப்பன்றியை விழவைக்கிறது, கடைசியாகப் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது.

பாணர்களுக்கு ஆச்சர்யம். இவர் கறி விற்கிற சாதாரண வேடர் மாதிரி தெரியலையே, மார்பில் ஆரம் தொங்குது, ஒருவேளை ஓரியோ, இல்லை வேறு யாரோ என்று குழம்புகிறார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் ஹைலைட். ஊர், பேர் விசாரிக்கவில்லை. பசிக்குது என்று கையும் நீட்டவில்லை. பாட்டு பாட ரெடியாகிறார்கள்!

முழவுக்கு மண் பூசி சரி செய்கிறார்கள். யாழில் பண் கூட்டுகிறார்கள். யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட தூம்பு, எல்லரி, ஆகுளி என ஒவ்வொரு வாத்தியமாக வெளியே வருகிறது. பதலை என்ற ஒருகண் பறையை மட்டும் மெதுவாகத்தான் தட்டணும் என்று ஒரு ஸ்பெஷல் குறிப்பு வேறு. நடந்து நடந்து களைத்துப்போனவர்கள், காட்டு நடுவில் வாத்தியத்தை சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க... அந்த சில நிமிஷங்களில் பசியும் நடந்த அலுப்பும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றிருக்கும், இல்லையா?

அடுத்து 21 துறைகளையும் ஒன்று விடாமல் முறையாகப் பாடி முடிக்கிறார்கள். இப்போ ஓரி பக்கம் வருவோம். அவர் அப்போதுதான் யானையைச் சாய்த்தவர். வேட்டை சூடு இன்னும் ஆறியிருக்காது. அரண்மனையில் ஆயிரம் வேலை காத்திருக்கும். ஆனாலும் 21 துறையும் முடியும் வரை கேட்கிறார். ஃபார்வர்டு பண்ணவில்லை, பாதியில் எழுந்து போகவில்லை.

பாட்டின் முடிவில் 'கோ' என்று தலைவனை அழைக்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் அந்த மாவீரருக்கு வெட்கம் வந்துவிடுகிறது! புலிக்கு அஞ்சாதவர், புகழுக்குக் கூச்சப்படுகிறார். அவர்கள் தேவை என்ன என்று வாய் திறந்து சொல்லக்கூட விடவில்லை. வேட்டையாடிய மான் கறி, உருக்கிய நெய் மாதிரி இருக்கும் மது, கூடவே தன் மலையில் கிடைத்த பொன், மணிக் குவியல் என எல்லாவற்றையும் நடுக்காட்டிலேயே அள்ளிக் கொடுத்துவிடுகிறார்.

வயிறு நிறைந்ததும் பாட்டு மறந்தது

கதை இங்கே முடிந்திருந்தால், இது வெறும் வள்ளல் கதை. வன்பரணர் அடுத்த பாடலில் ஒரு ட்விஸ்ட் வைக்கிறார். இன்னொரு கலைஞர் கூட்டம் ஓரியைப் பார்க்கப் போகிறது. தண்ணீரில் பூக்காத குவளைப் பூ அவர்களுக்குக் கிடைக்கிறது. அதாவது, மணிகளால் செய்து வெள்ளி நாரில் தொடுத்த பூ. நகைகள், யானைகள் என்று மற்ற பரிசுகளும் குவிகின்றன. அப்புறம்? பசி தீர்ந்துபோனதாலோ என்னவோ, அவர்கள் ஆடுவதையே விட்டுவிட்டார்கள். பாடவும் மறந்துவிட்டார்கள்.

ஓரியின் கொடையைப் புகழத்தான் புலவர் இப்படிச் சொல்கிறார். ஆனால், இன்னிக்குப் படிக்கும்போது லேசாக சுருக்குனு குத்துது. ஸ்கூலில் நல்லா வரைஞ்சவங்க, பாடினவங்க, பறை அடிச்சவங்க நம்மில் எத்தனை பேர்? வேலை கிடைச்சது, சம்பளம் வந்தது, ஸ்கெட்ச் நோட்டு பரண் மேல் போயிடுச்சு. மனசு பாரமா இருக்கும்போது, நாமே ஏதாவது செய்வதற்குப் பதிலா, ரீல்ஸை மேலே மேலே தள்ளிட்டு இருக்கோம்.

மலை போனது, பெயர் போகவில்லை

ஓரியின் முடிவு சோகமானது. காரி அவரைக் கொன்று, கொல்லிமலையைச் சேரர்களுக்குக் கொடுத்துவிட்டதாக அகநானூறு சொல்கிறது. ஓரி இல்லாத அவருடைய பெரிய தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் பதிவு செய்திருக்கிறார். வில்லும் அம்பும் மலையைக் காப்பாற்றவில்லை. ஆனால், கூத்தர்களுக்கு நாட்டையே கொடுத்தவர் என்று சிறுபாணாற்றுப்படை அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவர் நின்று கேட்ட பாட்டுக்காரர்கள்தான் அவர் பெயரை நம்ம கை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

இதே மலையில்தான் கொல்லிப்பாவை என்ற அற்புதமான உருவம் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. சூறைக்காற்று அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குலையாத பாவை அது. அலுவலக டென்ஷனில் அப்படி நிற்க நம்மால முடியுமான்னு தெரியாது. ஆனால், ஒரு நாளில் 15 நிமிஷம் போனைத் தள்ளி வைத்துவிட்டு, களிமண் பிசையலாம், கோலம் போடலாம், பழைய புல்லாங்குழலைத் தூசி தட்டலாம். நல்லா வரணும், லைக் வாங்கணும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கை வேலை செய்யும்போது மனசு தானாகக் கொஞ்சம் அமைதியாகும்.

வாத்தியம் கைக்கு வரலையா? பரவாயில்லை. வீட்டில் யாராவது பாடினால், முழுசா உட்கார்ந்து கேளுங்க. ஓரி செய்ததும் அதைத்தான்.

ஒவ்வொரு வருஷமும் ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். மலை முழுக்கக் கொண்டாட்டமாக இருக்கும். போனால், செல்ஃபி எடுத்துட்டு அப்படியே கிளம்பிடாதீங்க. மேடையில் கலைஞர்கள் ஆடிப்பாடும்போது, கடைசி வரைக்கும் நின்னு கேட்டுட்டு வாங்க!