16 பேருடன் தொடங்கிய பாராலிம்பிக்: யார் இந்த லுட்விக் குட்மன்?

மோட்டார் சைக்கிள் விபத்து. முதுகெலும்பில் பலத்த அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

இன்று கமுந்திங்கில் ஒருவருக்கு இப்படி நடந்தால், சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வேலைக்குப் போகலாம், விளையாடலாம். ஆனா 1930-களில் கதையே வேற. இதே காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கவில்லை. அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டர் லுட்விக் குட்மன்.

யார் இவர்?

1899-இல் அன்றைய ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917-இல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தபோது, முதுகெலும்பு உடைந்த ஒரு சுரங்கத் தொழிலாளி சில வாரங்களில் இறந்துபோனதைப் பார்த்தார். அது அவர் மனதை விட்டு அகலவே இல்லை.

பின்னர் பெயர்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆனார். 1933-இல் நாஜி ஆட்சி வந்ததும், யூதர் என்பதால் வேலை போனது. பிரெஸ்லாவ் நகரின் யூத மருத்துவமனையில் சேர்ந்தார்.

1938 நவம்பரில் யூதர்களைக் குறிவைத்து வன்முறை வெடித்தது. யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் குட்மன். மறுநாள் ரகசியப் போலீஸ் வந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி 60 பேரைக் காப்பாற்றினார். 1939-இல் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குத் தப்பினார்.

அவர் என்ன மாற்றினார்?

1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்கான பிரிவை அவர் பொறுப்பில் தொடங்கினார்கள். இந்த நோயாளிகளின் உயிரைப் பறித்தவை பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா உயிர்கள் பிழைத்தன.

பிழைத்தால் மட்டும் போதுமா? வாழ ஆசை வர வேண்டுமே. அதற்கு அவர் கையில் எடுத்தது விளையாட்டு.

சரி, ஏன் வில் அம்பு?

வில்லை இழுக்க, கை, தோள், முதுகுத் தசைகள் உழைக்க வேண்டும். உட்கார்ந்தபடி உடலைச் சமநிலையில் வைக்கவும் அது பழக்கும். இன்னொன்று: குறி பார்த்து விடும்போது நிற்பவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இலக்கு ஒன்றுதான்.

1948 ஜூலை 29. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனை வளாகத்தில் அம்பெய்தல் போட்டி நடந்தது. பங்கேற்றவர்கள் 14 ஆண்கள், 2 பெண்கள். அவ்வளவுதான்!

1952-இல் நெதர்லாந்து வீரர்கள் வந்ததும் அது அனைத்துலகப் போட்டியானது. 1960-இல் ரோமில் 23 நாடுகளின் சுமார் 400 விளையாட்டாளர்கள் கூடினார்கள். அதைத்தான் இன்று முதல் பாராலிம்பிக் என்கிறோம். பிரிட்டனின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை மார்கரெட் மோகன் அங்கே வென்றதும் அம்பெய்தலில்தான்.

நமக்கு என்ன தொடர்பு?

1966-இல் சர் பட்டம் பெற்ற குட்மன், 1980 மார்ச் 18-இல் காலமானார். அவர் போட்ட பாதையில் நம்மவரும் போயிருக்கிறார். மலேசியாவின் எஸ். சுரேஷ் 2019-இல் பாரா அம்பெய்தல் உலகச் சாம்பியன் ஆனார்.

அடுத்த முறை பாராலிம்பிக் பார்க்கும்போது, பதக்கத்தோடு இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: அந்த மேடை தொடங்கியது, பிழைக்க மாட்டார்கள் என்று ஊர் கைவிட்டவர்களுக்காக.