இராமாநுஜர் கணிதம் கற்ற வகை

நம் சங்கத்துக் குடும்பங்களிற் கணிதமென்றால் அஞ்சும் பிள்ளைகள் பலராதலின், நம் தா.பழூருக்கு அண்மையில், கொள்ளிடத்துக்குத் தென்பாலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச இராமாநுஜரின் சரித்திரத்துள், அவர் கற்ற வகையை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

இவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதியவர். வருவாய் சுருங்கிய குடும்பம். நகர உயர்நிலைப் பள்ளியில் வாசிக்குங் காலத்தே, லோனி என்பார் இயற்றிய திரிகோணமிதி நூலை இரவல் வாங்கித் தாமே கற்று முடித்தார். 1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அவர் கைக்குக் கிட்டியது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிபுகள் அடங்கிய அந்நூலில் நிரூபணங்கள் மிகச் சிலவே. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வார்க்கென எழுந்த நூலாதலின், பிறர் அதனை உருப்போட்டிருப்பர். இவரோ ஒவ்வொரு முடிபையும் ஒரு வினாவாகக் கொண்டு, அதனை அடையும் வழியைத் தாமே தேடினார். ஒன்றன் வழி தேடுங்கால் நூலிலில்லாத வேறு பல முடிபுகளும் தோன்றின. காகிதம் வாங்கப் பொருளின்மையாற் சிலேட்டில் எழுதி, முழங்கையாற் றுடைத்து, விளைந்த முடிபை மட்டும் குறிப்பேட்டிற் பதிந்து வைத்தார். (காகிதத்துக்குக் குறைவில்லாத நம் பிள்ளைகளோ, கணக்கைத் தொடுமுன் விடைநூலைத் தேடுகின்றனர்!)

இம்முறையால் வந்த கேட்டையும் மறைத்தலாகாது. பிற பாடங்களைப் புறக்கணித்தமையாற் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையிற் றேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

1913ஆம் ஆண்டு ஜனவரியிற் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். அவற்றுட் பகா எண்களைப் பற்றிய சில கூற்றுக்கள் பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. நிரூபணத்தைப் படிப்படியாக எழுதிப் பார்த்திருப்பின் அவருக்கே அது புலப்பட்டிருக்குமென்பது என் துணிபு. 1914இல் ஆங்கு சென்றபின், தானாக விளைந்த அவ்வறிவைக் கெடுத்துவிடாது நிரூபண முறையைப் பயிற்றுதலில் ஹார்டி மிக்க கவனங் கொண்டார். நல்லாசிரியர்க்கு இதனினும் அரிய பணி யாதுளது? 1918இல் இராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக ஏற்றது.

நோயுடன் தாய்நாடு மீண்டு, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் 32ஆம் வயதிற் சென்னையிற் காலமானார். சிலேட்டில் அழிந்துபோன வழிகளை மீட்க அறிஞர்க்குப் பல்லாண்டு ஆயின. குறிப்பேடுகளிலுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகளை ஆராய்ந்து, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுட் பிழையெனக் கண்டவை மிகச் சிலவே.