பாசறையில் எழுதிய நன்றிக் கணக்கு

திருவள்ளுவனார் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னையது அறத்துப்பாலிலும் பின்னையது பொருட்பாலிலும் அமைந்துள்ளன. ஒன்று உள்ளத்தைப் பற்றியது. மற்றொன்று உடலைப் பற்றியது. இவ்விரண்டையும் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் ஒருவர் உளர். அவர் தமிழரல்லர், குறளை அறிந்தவருமல்லர். துன்பம் மேன்மேலும் வந்து சூழ்ந்த காலத்தில், பெற்ற உதவிகளை எண்ணிப் பார்த்தும், தம் உடலையும் உள்ளத்தையும் பேணியும், கடமையில் நிலைத்து நின்ற உரோமப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸே அவர்.

கி.பி. 121ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் உரோமாபுரியிலே மார்க்கஸ் பிறந்தார். தந்தையார் அவருடைய சிறு பிராயத்திலேயே காலமானார். பாட்டனாரும், அன்னையார் தொமிற்றியா லூசில்லாவும் அவரை வளர்த்தனர். 12ஆம் வயதளவிலே அவர் தத்துவ ஞானிகளைப் போல முரட்டுப் போர்வை போர்த்து, வெறுந்தரையிலே படுக்கத் தொடங்கினார். ஞானமாவது உடலை ஒறுத்தல் என்று அப்பிள்ளை எண்ணியது போலும். அன்னையார் வற்புறுத்திய பின்னரே, தோல் விரித்த கட்டிலிற் படுக்க இசைந்தார். உடலைப் பேணுதல் ஞானத்துக்குப் பகையன்று என்னும் பாடத்தை அவருக்கு முதலிற் கற்பித்தவர் தாயே எனலாம்.

138ஆம் ஆண்டிலே, பேரரசர் ஏட்ரியனின் ஏற்பாட்டின்படி, அன்ரோனினஸ் பயஸ் என்பார் மார்க்கஸைத் தம் மகனாகத் தத்தெடுத்தார். அவ்வாண்டே அரசரான அன்ரோனினஸின் நிழலில் மார்க்கஸ் 23 ஆண்டுகள் வாழ்ந்தார். இளமையில் தம்மை வளர்த்த ஆசான் ஒருவர் இறந்தபோது மார்க்கஸ் வாய்விட்டழுதார். அரச குடும்பத்தார்க்கு அது தகாதென்று அரண்மனையார் தடுத்தனர். அன்ரோனினஸோ, அவன் மனிதனாயிருக்க விடுங்கள் என்னும் கருத்துப்பட அவர்களை விலக்கினார் என்று சரித்திரம் கூறும். துயரத்தை அடக்கி வைப்பதே வீரமென்று எண்ணுவோர் இச்சிறு நிகழ்ச்சியை உன்னிப் பார்த்தல் நன்று.

161இல் அன்ரோனினஸ் மறைய, மார்க்கஸ் அரசேற்றார். தம் தத்துச் சகோதரர் லூசியஸ் வேரஸையும் இணையரசராக்கினார். அன்று தொடங்கித் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. தைபர் நதி பெருகி நகரை அழித்தது, பஞ்சம் தொடர்ந்தது. கிழக்கே பார்த்தியர் போர் மூண்டது. அப்போரில் வென்று மீண்ட படைவீரர் 165, 166ஆம் ஆண்டளவில் கொள்ளைநோயையும் உடன் கொணர்ந்தனர். அது பெரியம்மையாதல் வேண்டுமென்பது இக்கால அறிஞர் பலரது கருத்து. 2020இல் ஒரு தொற்றுநோய் உலகை எவ்வாறு முடக்கிற்றென்று கண்ட நமக்கு, மருந்தும் காரணமும் அறியாத அந்நாளின் அச்சத்தை ஓரளவு உய்த்துணர்தல் கூடும். வடக்கே டன்யூப் நதிக்கு அப்பாலிருந்த மார்க்கொமன்னியரும் குவாடியரும் எல்லை கடந்தனர். கருவூலம் வறண்டது. புதுவரி விதிக்க விரும்பாத மன்னர், அரண்மனைப் பொற்கிண்ணங்களையும், மணிகளையும், அரசியின் பட்டாடைகளையும் பொதுவிடத்தில் ஏலத்தில் விற்றார் என்பர்.

வீட்டிலும் அமைதியில்லை. அவருக்கும் அரசி பவுஸ்ரினாவுக்கும் பிறந்த பிள்ளைகள் 13 பேருக்குக் குறையார். தந்தைக்குப் பின் எஞ்சியவர் ஓர் ஆண்மகனும் சில பெண்மக்களுமே. 169இல் வேரஸ் இறந்தார். அவ்வாண்டே ஏழு வயதுப் புதல்வன் ஒருவன், காதின் கீழ் எழுந்த கட்டியை அறுத்தபின் உயிர்நீத்தான். மன்னர் அப்போது வைத்தியர்களைச் சினந்திலர். அவர்களைத் தேற்றினார் என்பது வரலாறு.

இத்தகைய காலத்திலேதான், போர்ப் பாசறைகளில் இருந்துகொண்டு, மார்க்கஸ் தம் உள்ளத்தோடு பேசுவதுபோலக் கிரேக்க மொழியிலே சில குறிப்புகள் எழுதினார். பிறர் படித்தற்பொருட்டு அவை எழுதப்பட்டனவல்ல. இன்று அவை 12 பகுதிகளாக உலக மொழிகள் பலவற்றில் வழங்குகின்றன. இராஜாஜி அவர்கள் அவற்றின் சாரத்தைத் தமிழிலும் தந்துள்ளார். எழுதிய இடம் இரண்டிடங்களிற் குறிக்கப்பட்டுள்ளது. ஒன்று குவாடியர் நாட்டுக் கிரனுவா ஆற்றங்கரை. மற்றொன்று இன்றைய ஒஸ்திரியாவிலுள்ள கார்ணுந்தம் என்னும் படைவீடு.

அந்நூலின் முதற் பகுதி முழுவதும் நன்றிக் கணக்காகும். 16 பேரைத் தனித்தனியே நினைந்து, இவரிடம் இதனைப் பெற்றேன் என்று எழுதி, இறுதியில் தெய்வங்களுக்கு நன்றி செலுத்துகின்றார். பொதுவாக எல்லார்க்கும் வணக்கங் கூறி அமைந்தாரல்லர். பாட்டனாரிடம் சினமின்மை, அன்னையாரிடம் ஈகையும் எளிய வாழ்வும், ருஸ்ரிக்கஸ் என்பாரிடம் எபிக்ரெற்றஸின் உரைகளைக் கண்ட பேறு. எபிக்ரெற்றஸ் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். உலகாளும் மன்னர், முன்னாள் அடிமை ஒருவரின் உரையைத் தமக்குக் காட்டியவர்க்குக் கடன்பட்டதாக எழுதுகின்றார். அலெக்சாந்தர் என்னும் இலக்கண ஆசிரியரிடம் அவர் கற்றதோ, பிறர் வழுப்படப் பேசுங்கால் இடித்துரையாது, விடை கூறுவதுபோலத் திருந்திய சொல்லைத் தாமே வழங்கிக் காட்டும் பண்பு. இலக்கணம் கற்பிக்கும் எம்மனோர் இவ்விடத்தைப் பன்முறை படித்தல் தகும்.

அவருள் மிக விரிவாகப் போற்றப்படுபவர் தத்துத் தந்தையாகிய அன்ரோனினஸ். அவருடைய நற்பண்புகளுள் ஒன்றாக மார்க்கஸ் குறிப்பது உடலைப் பேணிய முறை. உயிர்மேற் பேராசையாலன்று, அழகு காட்டுதற்குமன்று, ஆயினும் அசட்டை செய்யாது அளவோடு பேணியமையால், அவருக்கு வைத்தியரின் உதவி அரிதாகவே வேண்டியிருந்ததாம். தலைநோவு வந்து நீங்கியதும் புத்துணர்ச்சியோடு வேலைக்கு மீள்வாராம். தெய்வங்களுக்குக் கூறும் நன்றியிலும், தம் மயக்கத்துக்கும், வாயிற் குருதி வருவதற்கும் கனவிலே மருந்து உணர்த்தப்பெற்றமையை மார்க்கஸ் சேர்த்துள்ளார். செய்ந்நன்றியும் மருந்தும் ஒரே ஏட்டில் அருகருகே நிற்றலை இங்கே காண்கின்றோம்.

மார்க்கஸ் வலிய உடலினரல்லர். குளிர் தாங்கார், மார்பும் வயிறும் அடிக்கடி வருத்தின, உணவு மிகக் குறைவு. புகழ்பெற்ற வைத்தியர் கேலன் அவருக்கு மருந்து அமைத்தார். 60க்கு மேற்பட்ட சரக்குகள் சேர்ந்த தெரியாக்கா என்னும் இலேகியத்தை அவர் நாள்தோறும் உண்டார். அதிலுள்ள அபினியால் வேலை நேரத்திலும் உறக்கம் வந்தது. அதனை நீக்கச் செய்தார். பின்னர் இரவிலும் உறக்கம் வராமையால் மீண்டும் சேர்க்கச் செய்தார். ஒருமுறை வயிற்று நோய் கண்டபோது, மிளகு தூவிய திராட்ச மதுவும் பயன்பட்டதெனக் கேலன் எழுதியுள்ளார். அக்காலத்து உரோமுக்கு மிளகு சேரநாட்டுத் துறைமுகங்களிலிருந்து சென்றமை நம்மவர் அறிந்ததே.

ஆயினும் ஓய்வு கொள்வது அவருக்கு எளிதாயிருந்ததில்லை. அல்சியம் என்னும் கடற்கரையூருக்கு விடுமுறையிற் சென்றும் அவர் அரசாங்க வேலையை விட்டாரில்லை. முதிய ஆசிரியர் பிரொன்ரோ, உறக்கத்தைத் தெய்வம் படைத்த கதையொன்றைப் புனைந்து கடிதத்தில் எழுதி, இரவையேனும் உறக்கத்துக்கு விடுமாறு அன்போடு வேண்டினார். மாணாக்கர் பேரரசரான பின்னும் அவர் கண்ணுறக்கத்துக்குக் கவலும் ஆசிரியரைப் பெறுதல் பெரும்பேறன்றோ!

பாசறையில் அல்சியம் இல்லை. அங்கே அவர் கண்ட ஓய்விடம் தம் உள்ளமே. மலையையும் கடற்கரையையும் நாடி ஓடவேண்டுவதில்லை, வேண்டும்போது தன்னுள்ளே சென்று சிறிது தங்கி, புதுமை பெற்று மீளலாம் என்னும் கருத்தை அவர் எழுதி வைத்தார். மீளுதல் என்பதே இங்குப் பொருள். கடமையினின்று தப்புதற்கு அவர் உள்ளே சென்றாரல்லர். கடமைக்குத் திரும்புதற்கே சென்றார். காலையில் எழ மனமில்லாத நாள்களும் அவருக்கு இருந்தன. அப்போது தம்மொடு தாமே வாதிட்டு எழுந்ததையும் எழுதியுள்ளார்.

175இல் அவர் பெரிதும் நம்பிய தளபதி அவிடியஸ் காசியஸ், மன்னர் இறந்தார் என்னும் பொய்ச்செய்தியால் தானே அரசனென்று கிளம்பினான். விரைவில் தன் வீரராலேயே கொல்லப்பட்டான். அவனுடைய கடிதங்கள் படிக்கப்படாமலே எரிக்கப்பட்டன. உடன்பட்டோர் யாரென்று அறியவும் மார்க்கஸ் விரும்பினாரில்லை. அதனையடுத்து, கிழக்குப் பயணத்திலே பவுஸ்ரினா இறந்தார். ஊரார் அவரைப் பற்றிப் பலவாறு பேசினர். கணவரோ அன்பும் எளிமையும் உடைய மனைவியைப் பெற்றமைக்கு நன்றியே எழுதியுள்ளார். உரோமுக்கு மீளும் வழியில் 176இல் அதென்ஸ் நகரை அடைந்து, தத்துவப் பள்ளிகள் நான்குக்கும் அரசாங்கச் சம்பளத்தோடு ஆசிரியர் பதவிகளை நிறுவினார். ஆசிரியர்க்கு ஏட்டிலே கூறிய நன்றி, இங்கே அறமாக வடிவெடுத்தது.

அவரிடம் குறையே இல்லையென்று யான் சொல்லேன். அவர் ஆட்சியில் அடிமை முறை நிலவிற்று. 177இல் லியோன் நகரிலே கிறிஸ்தவர் கொடுமையாக வதைக்கப்பட்டனர். நல்லாசிரியர் பலரைப் பெற்ற அவர், தம் மகன் கொமொடஸை நல்லரசனாக்க இயலாது போயினார். வடபுலப் போர் முடியுமுன், 180ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், தமது 58ஆம் வயதில் காலமானார்.

நன்றியுணர்வு அவருடைய துன்பங்களுள் ஒன்றையேனும் நீக்கவில்லை. நோய் நின்றதில்லை, பிள்ளைகள் மீண்டதில்லை. ஆனால் இழந்தவற்றையே எண்ணும் மனத்துக்கு, பெற்றவற்றையும் எண்ணும் நேர்மையை அது கொடுத்தது. பிறர் உழைத்து உருவாக்கிய ஒரு பொருளாகத் தம்மைக் கண்டவர், அப்பொருளைப் பாழாக விடுவாரா? உடலையும் உள்ளத்தையும் அவர் பேணியது அதனாலேயே என்று யான் கொள்கின்றேன். தன்னைப் பேணுதல் தன்னலமன்று. பெற்ற கடனைக் காத்தலாகும்.

அந்த 16 பேருள் ஒருவரை மார்க்கஸ் பெயராற் சுட்டவில்லை. வளர்த்த ஆசான் என்று மட்டுமே குறிக்கின்றார். உழைப்பைத் தாங்கவும், சிறிதிற் போதுமென்று அமையவும், தன் வேலையைத் தானே செய்யவும் அவரிடங் கற்றதாக எழுதியுள்ளார். பெயர் ஏட்டில் இல்லை. கற்பித்தது 1,800 ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுகின்றது. ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இதனினும் ஆறுதலான செய்தி வேறில்லை.