இளையபெருமாளும் தீப்பிடிக்காத வீடும்

காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்த எல். இளையபெருமாளை நாம் ஓர் அறிக்கையின் பெயராகவே பெரிதும் அறிந்திருக்கிறோம். 1952இல் மக்களவை உறுப்பினரான அவரது தலைமையில், தீண்டாமை குறித்து ஆராயும் குழுவை ஒன்றிய அரசு 1965இல் அமைத்தது. குழு பணியில் இருந்தபோதே, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு அறிக்கை வந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் வலுப்பெற்றதற்கு அதுவே அடித்தளம்.

இதற்கிடையே, சேரிகளில் தீப்பிடிக்காத வீடுகள் கட்டுவதற்கென 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டது. ஓலைக்குப் பதில் காங்கிரீட் வேண்டும்தான். ஆனால் தீ வைக்கும் கையை எந்தக் கூரை தடுத்தது? 2012இல் தருமபுரி நத்தம் காலனியில் காங்கிரீட் வீடுகளும் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. குடியிருப்புக்குத் தீ வைப்போருக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆயுள் தண்டனை விதிக்கிறது. எரிந்த வீட்டை அரசுச் செலவில் செங்கல் வீடாகக் கட்டித்தர 1995ஆம் ஆண்டின் விதிகள் பணிக்கின்றன. குற்றத்தைச் சட்டத்தால் பிடிக்கும் இப்பாதையில் முன்னே நடந்தவர் இளையபெருமாள்.

1980இல் எழும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்ற அவர், 2005இல் மறைந்தார். அவர் பிறந்த வட்டத்தில் பழைய தொகுப்பு வீடுகளைப் புதுப்பிக்க மனு எழுதும் தோழர்கள் கூரையோடு நிறுத்திவிட வேண்டாம். பொதுப்பாதை, தெருவிளக்கு, மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் நேரடி ஆய்வு ஆகியவற்றையும் அதே மனுவில் கேட்போம்.