பாதம் உரைத்த உண்மை

1857ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், பிரான்சின் தலைநகரான பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி பிறந்தார். அவருடைய பெற்றோர் போலந்திலிருந்து பிரான்சில் அடைக்கலம் புகுந்தவர்கள். மருத்துவம் பயின்ற பாபின்ஸ்கி, புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடம் பயிற்சி பெற்றார். குருவின் அன்புக்குரிய மாணவராகவும் விளங்கினார்.

1892ஆம் ஆண்டு, பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்கான தேர்வில் பாபின்ஸ்கி தோல்வியுற்றார். பேராசிரியராகும் வாய்ப்பு கைநழுவியது. ஆயினும் அவர் துவண்டுவிடவில்லை. பாரிசிலுள்ள பிட்டியே மருத்துவமனையில் 1895ஆம் ஆண்டு பொறுப்பேற்றார். நோயாளிகளைப் பொறுமையோடு உற்றுநோக்குவதையே தம் ஆராய்ச்சியாக்கிக் கொண்டார்.

அக்காலத்தில் மருத்துவர்களை ஒரு சிக்கல் வாட்டியது. கைகால் செயலிழந்து வந்தோருள் சிலருக்கு மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு இருந்தது. வேறு சிலருக்கு மனக்கலக்கமே காரணமாக இருந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. உடலின் உட்புறத்தைப் படம்பிடித்துக் காட்டும் இன்றைய கருவிகளும் அன்று இல்லை.

பாபின்ஸ்கி, அனிச்சைச் செயல்களில் இதற்கு விடை தேடினார். அவை நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பவை அல்ல. ஆகவே அவற்றைப் போலியாகச் செய்துகாட்டுவது கடினம். உள்ளங்காலின் வெளியோரத்தைக் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிக் கீறினால், நலமாக உள்ள பெரியவர்களுக்குக் கால்விரல்கள் கீழ்நோக்கி மடங்கும். மூளையின் கட்டளையைத் தண்டுவடத்திற்குக் கொண்டுசெல்லும் நரம்புப்பாதை பழுதடைந்திருந்தால், பெருவிரல் மேல்நோக்கி எழும். இந்த வேறுபாட்டை 1896ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், முப்பது வரிகளுக்கும் குறைவான ஒரு குறிப்பில் அவர் வெளியிட்டார். அது இன்று 'பாபின்ஸ்கி அடையாளம்' எனப்படுகிறது. பக்கவாதத்தில் மட்டுமன்றி, இயக்க நரம்பணுக்கள் சிறிதுசிறிதாக அழியும் நோயிலும் இவ்வடையாளம் தோன்றக்கூடும். கைக்குழந்தைகளுக்கு இந்த நரம்புப்பாதை இன்னும் முதிர்ச்சியடையாததால், அவர்களுக்குப் பெருவிரல் மேல்நோக்கி எழுவது இயல்பே.

பாபின்ஸ்கி திருமணம் செய்துகொள்ளவில்லை. பொறியாளராகவும் சமையற்கலை வல்லுநராகவும் விளங்கிய அண்ணன் ஹென்றியுடன் அவர் வாழ்ந்தார். தம்பி ஆராய்ச்சியில் மூழ்கியிருக்க, வீட்டுப் பொறுப்புகளை அண்ணன் கவனித்துக்கொண்டார்.

பிறருடைய உடலசைவுகளை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்த பாபின்ஸ்கியை, முதுமையில் பார்க்கின்சன் நோய் பற்றியது. உடலசைவுகளை மந்தமாக்கித் தசைகளை இறுக்கும் அந்நோயோடு போராடிய அவர், 1932ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலமானார்.

நவீனக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், நரம்பியல் மருத்துவர்கள் நோயாளியின் உள்ளங்காலைக் கீறிப் பார்க்கத் தவறுவதில்லை. ஒரு தேர்வு தந்த தோல்வியோடு தம் முயற்சியை நிறுத்திக்கொள்ளாத ஒருவரின் கூர்ந்த பார்வை, நூறாண்டுகளைக் கடந்தும் மக்களுக்குப் பயன்பட்டு வருகிறது.